போல்ட் பொருந்தியது, காது பொருந்தவில்லை

பட்டாசு ஊரான எங்கள் விஸ்வநத்தத்தில் எங்கேயாவது 'டமார்' என்று கேட்டால் யாரும் காரைச் சந்தேகப்பட மாட்டார்கள். என் காரில் சத்தமே இல்லை என்பதுதான் பிரச்சினை. பத்து வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. ஒரு நாள் செக் லைட் எரிந்தது, அன்றிலிருந்து பிக்கப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு டவுன் பஸ்ஸை முந்துவதற்குள் கியரை இரண்டு முறை இறக்க வேண்டியிருந்தது. மைலேஜ் குறைந்ததற்கு எல்லோரையும்போல நானும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் திட்டினேன். எத்தனாலால் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

ஸ்கேனர் போட்டதில் பி0325 என்று வந்தது. நாக் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு.

நாக்கிங் என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஸ்பார்க் பிளக்கில் பற்றி, கம்பி மத்தாப்பு மாதிரி ஒரு முனையிலிருந்து சீராக எரிந்துபோக வேண்டிய கலவை, நெருப்பு வந்து சேருமுன்பே மறுமுனையில் தானாகப் பற்றி லட்சுமி வெடியாகிவிடுகிறது. அந்த அதிர்ச்சியில் சிலிண்டர் மணிபோல் அதிரும். அதிர்வெண் சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. என் இன்ஜினுக்கு விட்டம் 73 மி.மீ., அதனால் சுமார் 7 முதல் 8 கிலோஹெர்ட்ஸ். இதைக் கேட்கும் காதுதான் நாக் சென்சார். உள்ளே இருப்பது சமையலறை கேஸ் லைட்டரில் இருக்கும் அதே பீசோ வகைப் பொருள். லைட்டரில் ஓங்கி அடித்தால் தீப்பொறி, இங்கே லேசாக அதிர்ந்தால் சில மில்லிவோல்ட். அந்தச் சிக்னலைப் பார்த்து இன்ஜினின் கணினியான ஈசியு ஸ்பார்க்கைச் சற்றுத் தள்ளிவைக்கும். காது செவிடானால், எதற்கு வம்பு என்று எப்போதுமே தள்ளிவைக்கும். பிக்கப் போவது அதனால்தான்.

ஒரிஜினல் விலையைக் கேட்டதும் மாற்று சென்சார் தேட ஆரம்பித்தேன். ஆன்லைனில் அதில் கால் பங்கு விலைக்கு ஒன்று கிடைத்தது. அதே வட்ட வடிவம், நடுவில் எம்8 போல்ட்டுக்கு அதே துளை, அதே இரண்டு பின் பிளக். பழக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில் மாட்டினோம். லைட் அணைந்தது. மூன்றாம் நாள் திரும்பவும் எரிந்தது, அதே கோடு.

சர்வீஸ் மேனுவலை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். சென்சாரின் இரண்டு பின்களுக்கும் நடுவே 120 முதல் 280 கிலோ ஓம் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு ரெசிஸ்டரை வைத்திருக்கிறார்கள். ஒயர் அறுந்திருக்கிறதா என்று ஈசியு அதன் வழியாகத்தான் சோதிக்கிறது. நான் வாங்கியதில் மல்டிமீட்டர் முள் அசையவே இல்லை. அதற்காக அது கெட்டுப்போன பொருள் என்று சொல்ல முடியாது. ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பேனரால் தட்டினால் நன்றாகவே சிக்னல் தந்தது. பல கார்களில் ரெசிஸ்டர் இல்லாத இந்த வகைதான் சரியானது. என் ஈசியுவுக்குத்தான் அது அறுந்த ஒயர். பழைய ஒரிஜினலையும் அளந்தேன், அதிலும் சுத்தமாக ஓபன்.

மாற்று வாங்குகிறவர்கள் பிராண்டைப் பார்க்குமுன் இந்த ஓம் கணக்கைப் பாருங்கள். அடுத்து, பல அதிர்வெண்களையும் கேட்கும் தட்டை வகையா, ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் பாடும் ரெசனன்ட் வகையா என்று பாருங்கள். திருகு மரையோடு வரும் ரெசனன்ட் சென்சாரை வேறு இன்ஜினில் போடுவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி. எதற்கும் முன்னால் ஒயரைப் பாருங்கள். எங்கள் பக்கம் எலிக்கு ஷீல்டு ஒயர் என்றால் கொள்ளைப் பிரியம்.

இரண்டாவதாக வாங்கியது ஒரிஜினலில் பாதி விலை. மீட்டரில் ஏறக்குறைய 200 கிலோ ஓம் காட்டியது. இனி மாட்டுவது. என் வண்டியில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, கை நுழையாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனிஃபோல்டை இறக்கிப் பார்த்தால், போன தடவை ஸ்பிரிங் வாஷர் போட்டு, கிரீஸும் தடவி இறுக்கியிருந்தார்கள். இரண்டும் கூடாது. அதிர்வு இன்ஜின் பிளாக்கிலிருந்து நேராக சென்சாருக்குப் போக வேண்டும், நடுவில் வாஷர், பெயின்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது. முறுக்கும் முக்கியம். பாஷ் தன் தட்டை சென்சார்களுக்கு 20 நியூட்டன் மீட்டர், 5 கூடலாம் குறையலாம் என்கிறது. என் மேனுவலிலும் 20தான். ஒர்க்‌ஷாப்பில் டார்க் ரென்ச் இல்லை. ஆஃப்செட் மெஷின் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. அச்சடிக்கிற ஊரில் இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

"அண்ணாச்சி, கை பார்த்தாலே போதும், நமக்குத் தெரியாத முறுக்கா?" என்றார் மெக்கானிக். பிறகு அவர் கையால் இறுக்கிய இடத்தில் ரென்ச்சை வைத்துப் பார்த்தோம். 30-ஐத் தாண்டியிருந்தது. போல்ட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி 20-ல் வைத்தார். பேச்சில்லை.

ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏற்றத்துக்குக் கொண்டுபோனேன். ஐந்து பேர், ஏசி ஓடுகிறது. புளூடூத் ஓபிடி டாங்கிளைச் செருகி, இக்னிஷன் டைமிங்கைப் பார்க்கச் சொல்லி செல்போனை மகனிடம் கொடுத்தேன். ஏற்றத்தில் மிதிக்கும்போது இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கிவிட்டுத் திரும்ப முன்னேறியது. முன்பு கீழே போய் அங்கேயே படுத்துக்கொண்டிருந்த எண். காது கேட்கிறது. கியர் இறக்காமல் லாரியை முந்தினேன். செக் லைட் இரண்டு மாதமாக எரியவில்லை.

முதலில் வாங்கிய சென்சார் இப்போது மெக்கானிக்கின் அலமாரியில் இருக்கிறது. ஏதோ ஒரு காருக்கு அது கச்சிதமாக வேலை செய்யும். எந்தக் காருக்கு என்று டப்பாவில் ஒரு வரி போட்டிருந்தால், நான் மேனிஃபோல்டை இரண்டு தடவை இறக்கியிருக்க வேண்டாம். 'யுனிவர்சல்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.