பூச்சைக் காக்கும் குறடு

மழைக்காலம் முழுவதும் என் மேசையில் இருந்தது இந்த நைலான் தாடைப் பிளேயர். நீளம், எடை, கைப்பிடி எல்லாம் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தபடி செம்புக் கம்பி பின்னி டாலரும் கம்மலும் செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: கம்பியின் மேல்பூச்சு பிழைக்கிறதா? எங்கள் ஊர் அருமனையில் நகையின் ஆயுள் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவமழை. சுற்றிலும் ரப்பர் தோட்டம். பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறவர்களும் உண்டு. ஈரமும் அம்மோனியாவும் செம்பைச் சும்மா விடுவதில்லை. (ரப்பருக்கும் செம்பு ஆகாது. செம்பு கலந்த ஷீட் பிசுபிசுத்துக் கெடும். ஷீட் அடிக்கிற வீடானால் வெட்டிய கம்பித் துணுக்குகளை உடனே கூட்டி எடுத்துவிடுங்கள்.) அதனால் நான் வாங்குவது மோட்டார் வைண்டிங்குக்கான இனாமல் பூசிய கம்பி. அந்தப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. பல் வெட்டிய இரும்புத் தாடை ஒருமுறை கடித்தால் போதும், அந்த இடம் பிளந்து, சில வாரங்களில் கறுக்கும். பின்னலுக்கு உள்ளே கறுத்ததைத் துடைக்கவும் வழியில்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் டபாரியா நோஸ் பிளேயர்தான். அந்தப் பிடிமானத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் நோஸ் பிளேயரின் பல் கரண்ட் வேலைக்காக வெட்டியது. நகைக்கு இந்த நைலான் தாடைதான் வேண்டும். ரீலிலிருந்து சுருண்டு வரும் கம்பியை இதன் நடுவே கொடுத்து மெல்ல இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நிமிர்கிறது. பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. இழுக்க இழுக்கச் செம்பு இறுகும். சட்டத்துக்கு வைக்கும் 0.8 மி.மீ. கம்பிக்கு அது நல்லது, விறைப்பாக நிற்கும். பின்னுகிற 0.32 மி.மீ. கம்பிக்கு அதுவே கேடு. 5 செ.மீ. சட்டத்தை நெருக்கிச் சுற்ற 150 சுற்றுக்கு மேல் ஆகும். அரை மீட்டருக்கு மேல் கம்பி போகும். பாதியில் அறுந்தால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகைகளைச் செய்யும் வடசேரி ஆசாரிமார் கம்பி இறுகினால் நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்ளலாம். நமக்கு அது முடியாது, இனாமல் கருகிவிடும். ஆகவே மெல்லிய கம்பியை ஒரே இழுப்பு, அதுவும் விரலுக்கு அடங்கிய அழுத்தத்தில், மறுமுறை வேண்டாம்.

கம்பி வாங்கும்போது கேஜ் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். வைண்டிங் கடைக்காரர் சொல்லும் 28 எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு, 0.376 மி.மீ. நகைப் பின்னல் புத்தகங்களில் வரும் 28 பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு, 0.32 மி.மீ. பின்னலின் நெருக்கமே மாறிப்போகும். மில்லிமீட்டரில் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நைலான் தேயும் பொருள். ஒரே இடத்தில் கம்பி ஓடி ஓடித் தாடையில் பள்ளம் விழுந்துவிட்டது. இப்போது எந்தக் கம்பியை வைத்தாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் போய் விழுகிறது, பிடியும் தளர்கிறது. மாற்றுத் தாடை கேட்டால் தனியாக விற்பதில்லை என்கிறார்கள். தேய்வதற்கென்றே வைத்த பாகத்தை விற்காமல் முழுக் குறட்டையும் மறுபடி வாங்கச் சொல்வது உழைத்துச் சம்பாதிக்கும் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். முனையும் தடிமன், கம்மலின் சின்ன வளையத்துக்குள் நுழையாது. அதற்கு உருண்டை மூக்குக் குறடு தனியாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இதைத்தான் வாங்கச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. தாடை திருகாணியில் பூட்டியதாக இருக்க வேண்டும். அப்படியானால் பள்ளம் விழும்போது கழற்றி, உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். பசை போட்டு ஒட்டியதானால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.