குறிச்சொல்லும் தனித்தெருவும்

வலைப்பதிவில் கட்டுரை ஏற்றுகிறோம். அடியில் இரண்டு மூன்று குறிச்சொல் கட்டுகிறோம். அந்தச் சொல்லைத் தொட்டு வருகிறவர்களுக்கு அது கண்ணில் படும். அறிவு யாரிடம் போய்ச் சேரும் என்பதை எழுத்து மட்டுமல்ல, அதன்மேல் ஒட்டிய சீட்டும் தீர்மானிக்கிறது.

அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் எழுதியது நாணயம், பொன் மதிப்பு பற்றிய பொருளாதார நூல். அதையும் 'தலித்' என்ற ஒத்தைச் சொல்லில் போட்டு மூடினால் பொருளாதாரம் படிக்கிற பிள்ளை எப்படிப் பார்க்கும்? அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி வரலாறும் பௌத்தமும் திருக்குறளும் பேசினார். அவரைச் சாதித் தலைவர் என்ற சீட்டுக்குள் அடைத்தால் தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் இடம் எங்கே?

அப்போ 'தலித்' என்ற குறி வேணாமா? வேணும். அது போராடி வச்ச பேரு. ஆனா அது மட்டும் போதும்ங்கிறது ஊருக்கு வெளியே தனித்தெரு போடுற வேலை.

நூலகத்தில் வகைப்படுத்தும் அதிகாரம் நூலகர் கையில் இருந்தது. 2003இல் தொடங்கிய டெலிசியஸ் போன்ற தளங்களில் வாசிக்கிறவரே சொல் கட்டலாம் என்றாச்சு. கிடைத்த அதிகாரத்தை வீணாக்கலாமா? பறை பற்றி எழுதினா 'இசை' என்றும் கட்டுவோம். மலக்குழிச் சாவு பற்றி எழுதினா 'தொழிலாளர்', 'சட்டம்' என்றும் கட்டுவோம். தேடி வருகிறவர் எந்தத் தெரு வழியா வந்தாலும் நம்ம எழுத்து எதிர்ப்படணும்.