மேடையில் யார் குரல்?

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் பாடசாலைகளின் பின்னேரம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு வகுப்பறையில் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்து அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதி அழுது பாடுவாள். அடுத்த கட்டடத்தில் தாளக்கட்டைச் சொல்லியபடி பிள்ளைகள் கூத்தாட்டம் பழகுவார்கள். கல்வி அமைச்சு நடத்தும் இந்த அகில இலங்கைப் போட்டியில் பேச்சு, கட்டுரை, பா ஓதல் ஆகியவற்றோடு இசை நாடகமும் நாட்டுக்கூத்தும் குழுப் போட்டிகளாக உண்டு. பாடசாலையில் வென்றவர்கள் வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டம் வரை போகலாம்.

தமிழ்நாட்டிலும் இப்போது ஏறக்குறைய இதே ஏணி இருக்கிறது. 2022இல் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் நடக்கின்றன. மாநில அளவில் சிறந்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் தரப்படுகிறது.

ஏணி ஒன்றுதான். ஆனால் பள்ளி மேடையில் ஒலிப்பது யாருடைய குரல் என்று கேட்டால் இரண்டு நாடுகளும் பிரிந்துவிடுகின்றன.

யாழ்ப்பாணத்து இசை நாடகத்தில் நடிப்பவரே பாட வேண்டும். இந்த ஒன்றே நெறியாள்கை செய்யும் ஆசிரியரின் வேலையை முழுவதும் மாற்றிவிடுகிறது. அரிச்சந்திரனாக வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு மகரக்கட்டு விழுந்து குரல் உடைந்தால் என்ன செய்வது? சுருதியை அரைக்கட்டை இறக்கலாம். ஆனால் அவனோடு பாடும் சந்திரமதிக்கு அது ஒத்துவர வேண்டும். பாட்டைச் சுருக்கி வசனத்தைக் கூட்டலாம். ஆனால் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தில் பாட்டைக் குறைத்தால் மிச்சம் அதிகம் இல்லை. ஆசிரியர் கடைசியில் செய்வது, மற்றப் பிள்ளைகளை அந்தப் பையனின் குரலுக்குப் பழக்குவதுதான். ஒருவனுடைய இயலாமைக்கு இடம் கொடுத்து மொத்தக் குழுவும் தன் சுருதியை மாற்றிக்கொள்கிறது. நற்பண்பைப் பற்றி எத்தனை பேச்சுப் போட்டி வைத்தாலும் இது வராது.

கூத்தில் இந்த ஒழுங்கு இன்னும் பழையது. மட்டக்களப்பில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார். ஆளுக்கு ஆள் பாத்திரமும் பாட்டும் பிரிக்கப்படும். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். தன் வரவு முடிந்ததும் நடிகன் ஓய்ந்துவிட முடியாது. அடுத்தவன் பாடும்போது பிற்பாட்டுக்காரரோடு சேர்ந்து இழுத்துக்கொடுக்க வேண்டும். அரசனாக ஆடியவன் சேவகனின் பாட்டுக்குத் துணைபோகிறான்.

ஊர்க்களரியிலிருந்து கூத்து பள்ளிக்கூடத்துக்கு வந்ததில் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் சிங்கள அரங்கை உலுக்கிய பிறகு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்து சுருங்கி, படித்த இளைஞர் ஆடும் கலையானது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு வழியே பாடசாலைகளிலும் கூத்துப் போட்டிகள் பரவின. இன்று க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்வில் அதற்கு இணையான பாடம் இல்லை.

இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தின் இசை நாடகம் தமிழ்நாட்டிலிருந்து போனது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு அது. காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தைத் தன் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஆக்கியது அந்த வேரிலிருந்துதான். சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய பெருமையும் மதுரைக்கு உண்டு. 1918இல் சுவாமிகள் ஆசிரியராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். பாட்டும் வசனமும் நெட்டுருவாகும்வரை அங்கே விடமாட்டார்கள். இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் கண்டிப்பும் இருந்தன. பிள்ளைகள் படிப்பையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள். அந்த வாழ்க்கை மீண்டும் வரவேண்டாம். ஆனால் அதோடு சேர்த்து, மேடையில் நின்று பாடும் பிள்ளையையும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கைவிட்டதுதான் வருத்தம்.

இப்போது தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகளின் ஆண்டு விழாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வசனமும் பாட்டும் முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவாகிவிடும். பிள்ளைகள் ஒலிபெருக்கிக்கு வாயசைப்பார்கள். வாடகை உடை பளபளக்கும், எல்.இ.டி. திரையில் அரண்மனை எரியும். எதுவும் தவறாது. தவறவே முடியாத மேடையில் ஒரு பிள்ளை தடுமாறி, பக்கத்தில் நிற்பவள் அடியெடுத்துக் கொடுத்து, இருவரும் சமாளித்து வெளியே வரும் அனுபவத்துக்கு வழியே இல்லை.

இந்தியா முழுவதையும் இப்படிச் சொல்ல முடியாது. கேரளத்தின் பள்ளிக் கலோத்சவம் 1957இலிருந்து நடக்கிறது. அதில் சவிட்டு நாடகமும் ஒரு போட்டி. கொச்சிக் கரையோரக் கத்தோலிக்கரின் இந்த ஆட்டத்துக்குத் தமிழ் கலந்த பழைய பாட்டுகள் உண்டு. ‘காறல்மான் சரிதம்’ என்ற சவிட்டு நாடகம் சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரில் வழங்குகிறது. யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துக்கு இது நெருங்கிய உறவு என்பதை இரண்டையும் கண்டவர் உடனே உணர்வர். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சிறுவர் நாடகக் கலைஞர் வேலு சரவணன் ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களோடு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் வைத்திருக்கிறார்.

இலங்கை முறையிலும் குறை உண்டு. வெல்வதே குறியாகும்போது நன்றாகப் பாடும் நாலைந்து பேரே ஆண்டுதோறும் மேடையேறுகிறார்கள். மற்றவர்கள் திரை இழுக்கிறார்கள். அதே அரிச்சந்திரன், அதே சத்தியவான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களில் வேறொரு வழியைக் காட்டினார். அந்த வழி போட்டி மேடைகளுக்கு இன்னும் போதிய அளவு வரவில்லை.

தமிழ்நாட்டிடம் ஊர் ஊராக அரசுப் பள்ளிகளும், அவற்றைக் கூட்டும் ஒரு திருவிழாவும் இப்போது இருக்கின்றன. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் அந்த இசை நாடக மரபில் ஸ்பெஷல் நாடகம் பாடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பதிவு செய்த ஒலியை நிறுத்திவிட்டு, இசை நாடகத்தை ஒரு குழுப் போட்டியாக அடுத்த கலைத் திருவிழாவில் சேர்க்க வேண்டும்.