மேல், கீழ் என்னும் சொற்கள்: தொடக்கப்பள்ளிப் புவியியல் பாடமொழி குறித்த ஒரு திறனாய்வு

தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஆறு, மலை, நிலப்படம் ஆகியவற்றைக் கற்பிக்கும் தமிழ்ப் பாடங்களில், நிலப்படத்தின் மேற்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு என்னும் விளக்கம் வழக்கமாக இடம்பெறுகிறது. ஆங்கிலத்தில் இவ்விளக்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. தமிழில் நிலை வேறு. வடக்கைக் காட்ட இங்கு எடுத்தாளப்படும் 'மேல்' என்னும் சொல், தமிழில் முன்னரே வேறொரு திசைக்கு உரியதாகிவிட்டது.

மேற்கு, கிழக்கு என்னும் பெயர்கள் முறையே மேல், கீழ் என்பவற்றின் அடியாகப் பிறந்தவை. மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழும் தமிழக நில அமைப்போடு இப்பெயர்கள் பொருந்துவதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியுள்ளார். மலையாளத்தில் மேற்றிசை, ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் 'படிஞ்ஞாறு' எனப்படுகிறது. கீழ்த்திசைக்கோ, மலை அப்பக்கம் இருந்தும், 'கிழக்கு' என்பதே பெயர். குட்டநாட்டில் மலையிலிருந்து இறங்கிவரும் வெள்ளத்திற்குக் 'கிழக்கன் வெள்ளம்' என்று பெயர். அங்குச் சொல்லின் அடிப்பொருள் மறைந்துவிட்டது.

தமிழிலும் அது மறைந்துவிட்டது என வாதிடலாம். ஆயின் வழக்கு அதற்கு இடந்தரவில்லை. மதுரையில் மேலமாசி வீதி மேற்கிலும் கீழமாசி வீதி கிழக்கிலும் உள்ளன. மேல, கீழ என்னும் அடைகள் ஊர்ப்பெயர்களிலும் தெருப்பெயர்களிலும் இன்றும் திசைப்பொருளில் வழங்குகின்றன. கீழமாசி வீதியில் வாழும் மாணவனிடம் 'கீழே இருப்பது தெற்கு' என்று கூறுவது, அவன் அறிந்த சொல்லை அவனுக்கே அயலாக்குவதாகும்.

ஆறுகளைக் கற்பிக்கும்போது இச்சிக்கல் மிகுகிறது. உயரம், மேற்கு, தாளின் தலைப்பகுதி ஆகிய மூன்று பொருள்களையும் 'மேல்' என்னும் ஒரே சொல் சுமக்க நேர்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் காவிரி கீழ்நோக்கிச் செல்கிறது என்று ஒரு மாணவன் கூறினால், உயரத்தாலும் திசையாலும் அவன் கூற்று சரியே. சுவரில் தொங்கும் படத்தைக்கொண்டு நோக்கும் ஆசிரியர்க்கு அது பிழையாகத் தோன்றும். வடக்கு நோக்கிப் பாயும் சோன், சம்பல் ஆகிய ஆறுகள் அப்படத்தில் 'மேலே' செல்கின்றன. நீர் மேட்டில் ஏறுமோ என்று மாணவன் ஐயுறுவது இயல்பு. நருமதை இன்னும் தெளிவான சான்று. அமர்கண்டகத்தில் தோன்றி ஏறத்தாழ 1312 கி.மீ. மேற்காக ஓடி அரபிக் கடலில் கலக்கும் இவ்வாற்றின் 'மேற்பகுதி' கிழக்கிலும் 'கீழ்ப்பகுதி' மேற்கிலும் அமைந்துள்ளன. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இம்முரணை உணர்வதில்லை.

வலக்கரை, இடக்கரை என்னும் பெயர்ப்புகளும் இத்தகையனவே. இவை ஆற்றின் போக்கை நோக்கி நிற்பவரின் வலமும் இடமும் ஆகும். படத்தின் வலமும் இடமும் அல்ல. கிழக்காக ஓடும் காவிரியின் வலக்கரை தென்கரையாகும். தேவாரத் தலங்களைக் காவிரி வடகரைத் தலங்கள், தென்கரைத் தலங்கள் என வகுத்த மரபு, ஐயத்திற்கு இடமில்லாத சொற்களை முன்னரே தந்துள்ளது.

தமிழ் பேசும் சிற்றூர் மக்கள் அருகிலுள்ள சிறு பொருள்களின் இருப்பையும் திசைப் பெயர்களால் குறிப்பதையும், நகர மக்கள் இடம், வலம் என்பவற்றை ஆள்வதையும் எரிக் பெடர்சன் 1993-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே சிற்றூர் மாணவன் திசையறிவின்றிப் பள்ளிக்கு வருபவன் அல்லன். நிலப்படத்திற்கு அடிப்படையான அறிவை அவன் தன் பேச்சிலேயே பெற்றிருக்கிறான். தாளின் பக்கங்களைக்கொண்டு திசையைக் கற்பிக்கும் முறை, அவ்வறிவைப் பயன்கொள்ளாது விடுகிறது.

வடக்கைத் தலைப்பக்கத்தில் வைப்பது வெறும் வழக்காறே. 1154-இல் அல்-இத்ரிசி உருவாக்கிய உலகப்படத்தில் தெற்கே தலைப்பக்கத்தில் இருந்தது. ஆதலின் படத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கை நிலத்தின் வடக்கோடு பொருத்திக் காட்டிய பின்னரே அதனைச் சுவரில் மாட்டுதல் வேண்டும். பாடமொழியில் தாளைக் குறிக்கத் தலைவிளிம்பு, அடிவிளிம்பு எனவும், ஆற்றைக் குறிக்கத் தோற்றுவாய்ப் பகுதி, முகத்துவாரப் பகுதி எனவும் ஆளலாம். மேல், கீழ் என்பன உயரத்தையும் அவை ஏற்கெனவே உணர்த்தும் திசைகளையும் மட்டுமே குறிக்கட்டும். கலைச்சொல்லின் பொருத்தத்தை மூலமொழிச் சொல்லோடு மட்டும் ஒப்பிட்டு முடிவுசெய்தல் போதாது; அச்சொல் பெயர்ப்பு மொழியில் முன்னரே ஆற்றிவரும் பணியையும் கருதுதல் வேண்டும்.