மண்குடமும் பொன்குடமும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் நாட்டில் கதை சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கதை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் அந்த ஒரு மாத காலம் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வதே நல்லது. கற்பனை வளத்தில் அபேட்சகர்களோடு போட்டி போட நம்மால் ஆகாது.

அந்தக் கதைகளுள் ஒன்று எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்துவருகிறது. ஏழை ஜனங்கள் எங்கேயாவது கூடி, எங்கள் நிலம், எங்கள் தண்ணீர், எங்கள் கூலி என்று வாய் திறந்தால் உடனே மேடையில் ஒரு பாத்திரம் பிரவேசிக்கும். அதற்கு முகம் இல்லை, பெயர் இல்லை. ஊர் மட்டும் உண்டு: வெளிநாடு. அந்த வெளிநாட்டுக்காரன் பணம் அனுப்புகிறான்; உள்ளூரில் ஒருவன் வாங்கிக்கொள்கிறான்; ஒன்றும் அறியாத ஜனங்கள் தெருவுக்கு வருகிறார்கள். கதை முடிந்தது.

ஒரு நாவலை விமரிசிக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? பாத்திரம் தனக்குத்தானே முரண்படாமல் இருக்கிறதா, முதல் அத்தியாயத்தில் குற்றமாக இருந்தது பத்தாவது அத்தியாயத்திலும் குற்றமாகவே இருக்கிறதா என்று கேட்கிறோம். 'அந்நியப் பணம்' என்ற இந்தக் கதையையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் தமிழோ இங்கிலீஷோ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் புரிந்துகொள்ளும்படியாகத்தான் அது இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பற்றிய சட்டம் முதன்முதலில் 1976ஆம் வருஷம், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. ஆகஸ்டு 5ஆம் தேதி அமலாயிற்று. அதை எடுத்துவிட்டு 2010இல் புதுச் சட்டம் செய்தார்கள். தேர்தலில் நிற்கும் அபேட்சகர், சட்டசபை அங்கத்தினர், அரசியல் கட்சி, நீதிபதி, சர்க்கார் உத்தியோகஸ்தர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பத்திரிகை ஆசிரியரும், பத்தி எழுதுகிறவரும், கேலிச் சித்திரம் போடுகிறவரும்கூட வாங்கக் கூடாது. மனுத் தாக்கலுக்கு முந்திய 180 நாட்களுக்குள் ஓர் அபேட்சகர் அப்படி ஏதாவது பெற்றிருந்தால் அதை மத்திய சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. நம்மை ஆளப்போகிறவரை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடல் கடந்து வந்த பணம் தேர்ந்தெடுக்கக் கூடாது. சுதந்திரமுள்ள எந்தத் தேசமும் இவ்வளவு எச்சரிக்கையாவது இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே கதையின் முதல் அத்தியாயம் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது அத்தியாயம் தூத்துக்குடியில் நடக்கிறது. அங்கே ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை இருந்ததை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அதை நடத்திய கம்பெனி, லண்டனில் பதிவான வேதாந்தாவின் கைக்குள் இருந்தது. அந்த ஸ்டெர்லைட்டும், அதே குடும்பத்தைச் சேர்ந்த சேசா கோவா என்ற கம்பெனியும் காங்கிரசுக்கும் பாரதீய ஜனதாவுக்கும் நன்கொடை கொடுத்திருந்தன. ஜனநாயகச் சீர்திருத்தத்துக்கான சங்கமும், ஓய்வுபெற்ற அதிகாரி இ. ஏ. எஸ். சர்மாவும் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2014 மார்ச் 28ஆம் தேதி, பார்லிமெண்டுத் தேர்தல் சூடு பிடித்திருந்த சமயத்தில், தீர்ப்பு வந்தது: பாதிக்கு மேற்பட்ட பங்குகள் வெளிநாட்டார் கையில் இருப்பதால் இது வெளிநாட்டுப் பணம், வாங்கிய இரு கட்சிகளும் சட்டத்தை மீறிவிட்டன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மேடையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய கட்சிகள் ஒரே கூண்டில் நின்றன. நாவலாசிரியன் இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்திருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

நடவடிக்கை என்ன ஆயிற்று? கட்சிகளின் மேல் நடவடிக்கை வரவில்லை. சட்டத்தின் மேல் வந்தது. 2016இல் பட்ஜெட்டோடு சேர்ந்த நிதி மசோதாவில் ஒரு திருத்தம் நுழைந்தது. வெளிநாட்டு முதலீட்டுக்கு விதித்திருக்கும் வரம்புக்குள் இருந்தால், பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டார் கையில் இருந்தாலும், அந்தக் கம்பெனி இனி 'வெளிநாட்டு' கம்பெனி ஆகாது. 2010ஆம் வருஷம் முதலே அப்படித்தான் என்று பின்தேதியும் இட்டார்கள். அந்த வருஷ நவம்பரில், சுப்ரீம் கோர்ட்டில் போட்டிருந்த அப்பீல்களை இரு கட்சிகளும் வாபஸ் வாங்கிக்கொண்டன. ஆனால் பழைய நன்கொடைகள் 2010க்கு முந்தியவை அல்லவா? அதற்கும் வழி பிறந்தது. 2018 நிதி மசோதாவில் அந்தப் பின்தேதியை 1976 ஆகஸ்டு 5 வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்பத்திரண்டு வருஷத்துக் குற்றம் ஒரே வரியில் கழுவப்பட்டது. மார்ச்சு மாதம் லோக்சபையில் அமளிக்கு நடுவே, விவாதம் இல்லாமலே அந்த மசோதா நிறைவேறிற்று.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, மே 22ஆம் தேதி, அதே உருக்காலையை மூட வேண்டும் என்று தூத்துக்குடி ஜனங்கள் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். போலீசார் சுட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரிகள் பலர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. இவ்வளவுக்கும் பிறகு, 2023 ஏப்ரலில் அப்போதைய கவர்னர் ஆர். என். ரவி, ஸ்டெர்லைட் எதிர்ப்புக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் இருந்தது என்று பேசினார்.

இங்கேதான் கதை உடைந்து போகிறது என்பது என் துணிபு. ஒரே ஆலை. அந்தப் பக்கத்திலிருந்து கட்சிகளுக்குப் போன பணம் வெளிநாட்டுப் பணம் என்று ஹைகோர்ட் ஆதாரத்தோடு தீர்ப்புச் சொன்னது. அது உள்நாட்டுப் பணமாக மாறிவிட்டது. இந்தப் பக்கத்தில் செத்தவர்கள் வாங்கியதாக எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அவர்கள் போராட்டத்துக்கு வெளிநாட்டுச் சாயம் பூசப்பட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடத்தை உடைத்தவள் மாமியார் என்று தீர்ப்பே இருக்கிறது; பழி மட்டும் மருமகளுக்கு.

தூத்துக்குடி எங்கோ தெற்கே இருக்கிறது என்று திருவள்ளூர் ஜில்லாக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், ஆந்திர எல்லையை ஒட்டிய அந்தப் பிரதேசம் எப்படி மாறிவிட்டது என்று. சிப்காட் வளாகம், இரும்பு உருக்காலைகள், வரிசை வரிசையாக லாரிகள். அந்தத் தாலுகாவில் தேர்வாய் கண்டிகை என்று ஒரு கிராமம். அங்கே மேய்ச்சல் நிலமும் காடுமாக இருந்த 1,127 ஏக்கரை சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுத்தார்கள். 2009இல் பிரான்சு தேசத்து டயர் கம்பெனியான மிஷலின் அங்கே ஆலை கட்டத் தமிழக சர்க்காருடன் ஒப்பந்தம் செய்தது. மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த ஜனங்களில், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், ஆட்சேபித்தார்கள். 2012இல் அவர்களுடைய சங்கம், பிரான்சிலுள்ள சில ஸ்தாபனங்களின் துணையோடு, பன்னாட்டுக் கம்பெனிகளின் நடத்தையை விசாரிக்கும் பிரெஞ்சு மையம் ஒன்றில் புகார் கொடுத்தது. நடுவில் புகார்தாரர்கள் விலகிக்கொண்டார்கள். 2013இல் அந்த மையம், கம்பெனி பெரிதாக எதையும் மீறவில்லை என்று முடிவு கூறி, பாதிப்புகளை ஆராய்வது பற்றிச் சில யோசனைகளையும் சொல்லிற்று.

தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்பது இங்கே என் கவலை அல்ல. அந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கும் காசு கொடுத்ததாகவும் நான் சொல்லவில்லை. தொழிற்சாலையே வேண்டாம் என்கிற கட்சியும் நான் அல்ல; வேலை இல்லாத வீட்டில் பசுமை பற்றிப் பேச எனக்கு வாய் வராது. நான் கவனிப்பது இவ்வளவுதான்: ஆலைக்கு வந்த மூலதனமும் பிரான்சிலிருந்து வந்தது, கிராமத்தாரின் மனுவைச் சுமந்த கையும் பிரான்சிலிருந்து வந்தது. முன்னதற்கு மாலை போட்டு வரவேற்புக் கொடுக்கிறோம். பின்னதைக் கண்டால் 'அந்நியக் கை' என்கிறோம். இரண்டும் அந்நியம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் அந்நியம் என்றால் எப்படி?

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பிறந்த அதே 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் பிறந்தது. இந்த ஜில்லாவின் செங்கற் சூளைகளிலிருந்து ஒடிசாக்காரர்களும், அரிசி ஆலைகளிலிருந்து இருளர்களும் மீட்கப்பட்ட செய்திகளை நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். அதிகாரிகளுக்குத் தகவல் கொண்டுபோய்க் கொடுத்தவை அநேகமாகத் தொண்டு ஸ்தாபனங்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடப்பவையும் அவற்றில் உண்டு. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முகாமிலே பிறந்து, முகாமிலே கல்யாணம் செய்துகொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. பெரும்பாலோருக்கு வோட்டு வரவில்லை. உலைக்கு முன்னால் நிற்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கோ வோட்டு பீகாரில் இருக்கிறது, பிரசாரம் இங்கே நடக்கிறது. வோட்டு இல்லாதவனிடம் எந்த அபேட்சகர் வந்து கைகூப்புவார்? அவனுக்காகப் பேச மிஞ்சுகிறவர்கள் இந்தத் தொண்டு ஸ்தாபனத்தார்தாம். அவர்கள் வாயையும் கட்டிவிட்டால் அவன் ஊமை.

தொண்டு ஸ்தாபனங்கள் எல்லாம் பசும்பொன் என்று நான் நினைக்கவில்லை. ஏழையின் போட்டோவைக் காட்டிக் கார் வாங்கியவர்கள் உண்டு. கணக்குக் கேட்கட்டும், கடுமையாகவே கேட்கட்டும். கேட்கவும் செய்கிறார்கள். 2020ஆம் வருஷத் திருத்தத்தின்படி, தேசத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வெளிநாட்டுப் பணத்தை டில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும். வந்த பணத்தை வேறு ஸ்தாபனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. பந்தும் சாலை மறியலும் நடத்தும் சங்கங்களை 'அரசியல் தன்மை உள்ளவை' என்று ஒதுக்கிவிடவும் ஒரு விதி இருந்தது. கட்சி அரசியலோடு தொடர்பு இல்லாதவற்றுக்கு அது பொருந்தாது என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சுருக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் கட்சிகளிடம் என்ன கணக்குக் கேட்டோம்? 2018 முதல் 2024 வரை தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது. அதுவும் அதே ஸ்டேட் பாங்கில்தான் விற்றது. ஆனால் யார் வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று வோட்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. அதற்குப் பிறகு வெளிவந்த பட்டியலில் பாரதீய ஜனதாவுக்குப் போனது 6,000 கோடி ரூபாய்க்கு மேல். வேதாந்தா வாங்கியது 370 கோடிக்கு மேல். நம் ஊர்க் கட்சிகளும் விதிவிலக்கல்ல: தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனியிடமிருந்து வந்தது. பத்திரம் போயிற்று, ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியை உள்நாட்டுக் கம்பெனியாக்கிய திருத்தத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

இதனால் சாதாரண வோட்டருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சட்டசபை அபேட்சகர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 2022இல் வரம்பு வைத்தார்கள். கட்சி செலவழிப்பதற்கோ வரம்பே கிடையாது. ஆகையால் பெரிய பணம் அபேட்சகரின் பையைத் தேடி வருவதில்லை. கட்சியின் பெட்டிக்குப் போகிறது. நாளைக்கு ஓர் ஊரில் ஆலைக்கும் ஜனங்களுக்கும் வழக்கு வந்தால், அந்த ஊர் அங்கத்தினர் தம் மனசாட்சியைப் பார்ப்பாரா, கட்சிப் பெட்டியைப் பார்ப்பாரா? 2002ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின் பலனாக, அபேட்சகரின் மனைவி கழுத்தில் எத்தனை பவுன் நகை என்பதுவரை இன்று நமக்குத் தெரிகிறது. அவருடைய கட்சியை யார் போஷிக்கிறார்கள் என்பது தெரியாமல் வைத்திருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகிய ஆறு தொகுதிகள் சேர்ந்ததுதான் திருவள்ளூர் பார்லிமெண்டுத் தொகுதி. தொழிற்சாலைகளும் தனித் தொகுதிகளும் அடுத்தடுத்து இருக்கிற இப்படிப்பட்ட இடத்தில் வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் கட்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனிகள் எவை, அவற்றில் இந்த ஜில்லாவில் ஆலை வைத்திருப்பவை எவை? அந்த ஆலை வாசலில் ஜனங்கள் வந்து நின்றால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

இதற்குப் பதில் சொன்ன பிறகு அவர் அந்நியப் பணத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், பொறுமையாகக் கேட்கலாம். பதில் சொல்லாமல் பேசினால், அவர் சொல்வது கதை என்று தெரிந்துகொண்டு கேட்கலாம்.