பெட்ரோலா, பேட்டரியா? புல்வெட்டும் மிஷின் ஒப்பீடுகள் விட்டுவிடும் ஆள்

"புல்லு வெட்ட ஒரு மிஷின் வாங்கணும். பெட்ரோல்ல வாங்கவா, பேட்டரியில வாங்கவா? நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, சொல்லு" என்று அத்தான் கேட்டார். அவருக்குத் தென்காசிப் பக்கம் வீட்டைச் சுற்றி 15 சென்ட் இடம். அதுபோக, கொஞ்சம் தள்ளி 2 ஏக்கர் தென்னந்தோப்பு. ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. படித்தவற்றில் பெரும்பகுதி அமெரிக்க ஒப்பீடுகள், மீதி அவற்றைப் பார்த்து நம்மாட்கள் எடுத்த வீடியோக்கள். படித்து முடித்தபோது எனக்கு மிஷின்கள் மேல் இருந்த சந்தேகத்தைவிட ஒப்பீடுகள் மேல் இருந்த எரிச்சல்தான் அதிகம். அதனால் இது மிஷின் பரிந்துரை இல்லை, ஒப்பீடுகளைப் பற்றிய விமர்சனம். பரிந்துரை மட்டும் போதும் என்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

முதலில் ஒரு அடிப்படை வித்தியாசம். நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் யோசனை ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவருடையது. 1971-இல் கார் கழுவும் இடத்தில் பிரஷ்கள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, மரப்பட்டையில் காயம் படாமல் அடிமரத்தைச் சுற்றி இருக்கும் புல்லை இப்படி வெட்டலாமே என்று யோசித்திருக்கிறார். பாப்கார்ன் டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சோதித்துப் பார்த்ததாகத்தான் கதை. அதாவது அந்த ஊரில் இது ஒரு ஒட்டுவேலைக் கருவி. புல்தரையைப் பெரிய மிஷின் வெட்டி முடித்துவிடும். சுவர் ஓரம், மரத்தடி, நடைபாதை விளிம்பு மட்டும் டிரிம்மருக்கு. இருபது நிமிஷ வேலை. "ஒரு சார்ஜில் 30 நிமிடம், போதுமானது" என்று அங்கே எழுதினால் அது சரிதான்.

நம்ம ஊரில் பிரஷ் கட்டர் என்று சொல்வது ஒட்டுவேலைக்கு இல்லை. முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கோரையையும் பார்த்தீனியத்தையும் முழுசா வெட்டுவதே அதுதான். நரம்பு போதாத இடத்தில் இரும்பு பிளேடு மாட்டுவார்கள். அந்த முப்பது நிமிஷத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்து, "பேட்டரியே போதும் நண்பர்களே" என்று வீடியோ போடுபவர் வெட்டிக் காட்டுவது பெரும்பாலும் அருகம்புல். பார்த்தீனியத் தண்டில் வைத்துக் காட்டியதை நான் பார்க்கவில்லை.

அடுத்து, டப்பாவில் இருக்கும் எண்கள். "20 வோல்ட்" என்று விற்பதைத் திறந்து பார்த்தால் உள்ளே லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18. முழு சார்ஜில் இருக்கும்போது மட்டும் 20-ஐத் தொடும். அந்த உச்சத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். "40 வோல்ட்" உண்மையில் 36. "56 வோல்ட்" ஏறக்குறைய 50. மோசடி என்று சொல்ல முடியாது, பொடி எழுத்தில் விவரம் இருக்கும். ஆனா ஒப்பீடு எழுதுபவர் 18-ஐயும் 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது 2 வோல்ட் அதிகம், சக்தி கூடுதல்" என்று எழுதும்போது படிக்கிற எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றுதானே!

பார்க்க வேண்டியது வோல்ட்டை ஆம்ப்-அவரால் பெருக்கினால் வரும் வாட்-அவர். 36 வோல்ட், 4 ஆம்ப்-அவர் என்றால் 144. நம்ம கரண்ட் பில் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் வெப்ப ஆற்றல் சுமார் 9 யூனிட். அதைச் சின்ன இன்ஜின் படுமோசமாகத்தான் பயன்படுத்தும். நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் தண்டுக்கு வந்துவிடுகிறது. அப்போ ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய அந்த மாதிரிப் பேட்டரி பத்தாவது வேண்டும். வெட்டும்போது இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும். பேட்டரி மோட்டார் புல் எதிர்க்கும் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இன்ஜின் சும்மா நிற்கும்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு சுருங்கினாலும், 2 ஏக்கர் தோப்பில் நாள் முழுக்க வேலை என்றால் கணக்கு பெட்ரோல் பக்கம்தான் சாய்கிறது. இதை ஒத்துக்கொள்ளாத பேட்டரி ஆதரவாளர்களை நான் நம்புவதில்லை.

இனி எதிர்ப்பக்கம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே வரும் புதுக் கலவைதான். தள்ளுகிற வேகத்தில் அந்தப் புதுக் கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். பழைய அமைப்பில் இது 25, 30 சதவீதம் வரை போகும். போடுகிற பெட்ரோலில் கால்வாசி, ஆயிலோடு சேர்ந்து, அப்படியே காற்றில். கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் சட்டம் கொண்டுவந்து, 2024 மாடல் முதல் இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலானவற்றைப் புதிதாக விற்பதை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். (ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைப் பயன்படுத்தத் தடை இல்லை. "கலிஃபோர்னியாவில் தடை" என்று பொத்தாம்பொதுவாக எழுதுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.)

அந்த விவாதத்தில் அடிக்கடி வரும் ஒரு வரி: ஒரு மணி நேரம் ஓட்டினால் காரில் 1,100 மைல் போன அளவு மாசு. அந்த மாநிலக் காற்று வாரியத்தின் கணக்குதான், பொய் இல்லை. ஆனா அது இலை ஊதும் மிஷினுக்குப் போட்டது, டிரிம்மருக்கு இல்லை. ஒப்பிட்டதும் புகைமூட்டத்தை உண்டாக்கும் வாயுக்களை மட்டும், கார்பன் டை ஆக்சைடை இல்லை. நவீனக் கார்கள் அந்த வாயுக்களைக் கிட்டத்தட்ட முழுக்க வடிகட்டிவிடுவதால் எண் அவ்வளவு பெரிதாக வருகிறது. இத்தனையையும் விட்டுவிட்டு "டிரிம்மர் பூமியைச் சூடாக்குகிறது" என்று அந்த எண்ணைக் காட்டுவது தப்பு. பேட்டரி பக்கம் நியாயம் இருக்கும்போது எதற்கு இந்தக் கைவேலை?

சரி, இந்தப் புகை யாரிடம் போகிறது? இந்தக் கேள்வியில்தான் என் முக்கியமான புகார் வருகிறது. நான் படித்த ஒப்பீடுகள் எல்லாமே சக்தி, நேரம், எடை, விலை என்று நாலு கட்டம் போடுகின்றன. நாலும் வாங்குபவர் பார்க்கும் கட்டங்கள். வாங்குபவரே பிடித்து வெட்டுவார் என்று அனுமானம். அமெரிக்காவிலேயே அது பாதி உண்மைதான், புல்வெட்டக் கூலிக்கு வரும் ஆட்கள் அங்கேயும் ஏராளம். நம்ம ஊரில் தோப்புக்காரர் வரப்பில் நிற்பார், மிஷினைத் தோளில் மாட்டியவர் வேறு ஆள்.

அத்தானின் தோப்புக்கு வருபவர் சொந்தமாக ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருக்கிறார். மணிக்கணக்கில் கூலி. மழை முடிந்த மாதங்களில் தினமும் ஆறு, ஏழு மணி நேரம் ஓட்டுவாராம். அவரிடம் மிஷின் எப்படி என்று கேட்டேன். இழுவை, மைலேஜ் எல்லாம் சொன்னார். கிளம்பும்போதுதான், "ராத்திரி படுத்தா கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் உதறிட்டுத்தான் தூங்கணும்" என்றார், ஏதோ மழை வரும்போல இருக்கு என்று சொல்வதுபோல.

கைக்கு ஏறும் அதிர்வுக்கு அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணி நேரச் சராசரியாக 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. கணக்கு இருமடி விகிதத்தில் போகும். கைப்பிடியில் 5 காட்டும் மிஷினைப் பிடித்தால், முதல் எல்லையை 2 மணி நேரத்திலேயே தொட்டுவிடுகிறோம். ஆறு மணி நேரத்தில் 4.3 வந்துவிடும். சத்தத்துக்கும் இப்படித்தான். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-க்கு வந்தால் ஒரு மணி நேரம்தான். பெட்ரோல் பிரஷ் கட்டர் கையேடுகளில் ஓட்டுபவர் காதுக்கு 95-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போட்டிருப்பது சாதாரணம். இந்த இரண்டு எண்களும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியே இருக்கின்றன. எடுத்து ஐந்தாவது, ஆறாவது கட்டமாகப் போட ஒப்பீட்டாளர்களுக்கு என்ன செலவு?

அந்தக் கட்டங்களைச் சேர்த்தால் பேட்டரி பல மடங்கு முன்னேறிவிடும். போர்-ஸ்ட்ரோக் பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக்கைவிட மேலே வரும், ஏனென்றால் எரியாத பெட்ரோல் அதில் மிகவும் குறைவு. "பெட்ரோல் எதிர் பேட்டரி" என்று இரண்டே அணி பிரிப்பதில் இந்த மூன்றாவது வழி காணாமல் போகிறது. டூ-ஸ்ட்ரோக்கையும் போர்-ஸ்ட்ரோக்கையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒப்பீடே செல்லாது.

இன்னொரு விஷயமும் நமக்கு முக்கியம்: எத்தனால். 2025-இல் நம்ம பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பொதுவாகிவிட்டது. சின்ன இன்ஜின் கையேடுகள் பலவற்றில் எல்லை 10 சதவீதம் என்று இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். வேலை நாளில் ஓட்டினால் அவ்வளவு தெரியாது. மூன்று மாதம் டேங்கில் விட்டுவிட்டு ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால்தான் தெரியும். வருஷத்துக்கு நாலு தடவை எடுப்பவருக்குப் பெட்ரோல் மிஷின் ஏன் தலைவலி என்பதற்கு இது ஒன்றே போதும். வாங்கியே ஆகணும் என்றால் 20 சதவீதத்துக்கு ஏற்றதா என்று கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

பேட்டரிக்கும் நம்ம வெயில் எதிரிதான். லித்தியம் செல்களைச் சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. சித்திரை மாதம் வெட்டி முடித்துச் சுடச்சுட இருக்கும் பேட்டரியைச் செருகினால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நிழலில் ஆறவிட்டால் போதும். முழு சார்ஜில் தகர ஷெட்டில் மாசக்கணக்கில் போட்டுவைத்தால் ஆயுசு குறையும், பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைக்கணும். "கரண்ட் செலவு ஒரு சார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான்" என்பது உண்மை. சில வருஷம் கழித்து மாற்ற வேண்டிய பேட்டரியின் விலையை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பாதி உண்மை.

எதை வாங்கினாலும் மாறாதவை சில உண்டு. நைலான் நரம்பு தேய்ந்து தூளாகி மண்ணில்தான் கலக்கும். கல் தெறிக்கும். சொட்டுநீர்க் குழாய் அறுபடும். மரப்பட்டையைக் காப்பாற்ற வந்த கருவி, இளம் மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துச் சாகடிக்கவும் செய்கிறது. மரக்கன்றைச் சுற்றி ஒரு அடிக்குக் கையால்தான் களை எடுக்கணும்.

கடைசியில் அத்தானிடம் இப்படிச் சொன்னேன். வீட்டைச் சுற்றி இருக்கும் 15 சென்ட்டுக்கு 36 வோல்ட் பேட்டரி மிஷின், பேட்டரி இரண்டு, பிளேடும் மாட்டும் மாடலாக. தோப்புக்கு எதுவும் வாங்க வேண்டாம், வருபவரே வரட்டும். ஆனா காது மூடியும் கண்ணாடியும் வாங்கி அவருக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் பத்து நிமிஷத்தைக் கூலியில் பிடிக்காதீர்கள். கடைசி வரிக்கு அத்தான் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு "சரி" என்றார்.

போன ஞாயிறு அந்த ஆளிடம் புது பேட்டரி மிஷினைக் கொடுத்து வீட்டு ஓரத்தை வெட்டச் சொல்லியிருக்கிறார். "நல்லாத்தான் இருக்கு, கை அதிரல. ஆனா இதை வெச்சுக்கிட்டு ஒரு நாள் கூலி எடுக்க முடியாது அண்ணாச்சி" என்றாராம். சரியான விமர்சனம். காது மூடியைத் தோப்பில் முதல் நாள் போட்டுக்கொண்டவர், மறுநாள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்னால் யாராவது வந்தா தெரியமாட்டேங்குது, பிளேடு சுத்திக்கிட்டு இருக்கு, பயமா இருக்கு என்று காரணம் சொன்னார். இப்போது அத்தான் தோப்புக்குள் போனால் அவருக்கு முன்பக்கமாகச் சுற்றிப் போய் நின்று கையைக் காட்டுகிறார்.