ஆற்றுப்படையும் துவிச்சக்கர வண்டிச் செலவும்

தான் சென்ற வழியைப் பின்வருவானுக்கு உரைத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தை ஓர் இலக்கிய வகையாகவே வகுத்துப் போற்றியமை தமிழுக்குரிய சிறப்பாகும். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போருள் பரிசில் பெற்றார் பெறாதாரை ஆற்றுப்படுத்துதலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். பத்துப்பாட்டுட் சரிபாதியாகிய ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் திருமுருகாற்றுப்படை காட்டும் ஆறு வீட்டுநெறியாதலின், காலால் நடந்து செல்லும் வழிபற்றிய இவ்வாராய்ச்சிக்கு ஏனை நான்குமே, சிறப்பாகப் பெரும்பாணாற்றுப்படையும் மலைபடுகடாமுமே உரியன.

இக்காலத்தில் நெடுந்தூரம் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர், அன்றன்று கடந்த வழியையும் தங்கிய இடத்தையும் எழுதிப் பிறர்க்கு வழங்குகின்றனர். இவ்வெழுத்துக்களைப் புதுக்கால ஆற்றுப்படைகள் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதற்கு விடை காண, ஆற்றுப்படைக்கு உயிராய் நிற்கும் இயல்பு யாதென முதற்கண் தெளிதல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனிடத்துப் பெரும்பாணனை ஆற்றுப்படுத்துகின்றார். அவன் காவல் பூண்ட நிலத்தில் ஆறலை கள்வர் இல்லை, இடி உரறாது, பாம்பு தீண்டாது, காட்டு விலங்கும் துன்பஞ் செய்யாது என்கின்றார். சுங்கங் கொள்ளும் பெருவழியும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகளும், உப்பு வணிகர் வண்டிகளும், கடற்கரைப் பட்டினத்துக் கலங்கரை விளக்கமும் அப்பாட்டில் வரிசையாகத் தோன்றுகின்றன. வழியின் வளம் கூறுமிடத்து அதற்கு நிகர் அரிது. ஆயினும் பாம்பும் தீண்டாத காடு புலவர் நாவில் உள்ளதேயன்றிப் பாணன் காலடியில் உள்ளதன்று. அங்கே வழியுரை புகழுரைக்கு இடங்கொடுத்துவிடுகின்றது.

கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் மலைபடுகடாமோ இதற்கு மாறானது. செங்கண்மாத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் உரைப்பவற்றுட் பெரும்பகுதி எச்சரிக்கையே. பன்றியைப் பிடிக்க வைத்த கற்பொறிகள் வழியில் உள்ளன, ஆதலால் விடிந்தபின் செல்க. குழிகளிற் பாம்பு மறைந்து கிடக்கும், ஆதலால் நோக்கிக் கடக்க. யானையை ஓட்டத் தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் மூங்கிலினூடே பாய்ந்து வரும், ஆதலால் மரத்தின் பின்னே ஒதுங்குக. பாசி படர்ந்த நிலம் வழுக்கும், ஆதலால் மூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிச் செல்க என்று அடுத்தடுத்து உரைக்கின்றார். வழி தப்பியவிடத்தும் அஞ்சவேண்டா. இசைக்கருவிகளை முழக்கினாற் கானவர் வந்து உதவுவர் என்கின்றார். ஒரு மன்னனைப் பாட வந்த புலவர், அவன் மலையின் இடர்களை இத்துணை விரித்துரைக்க வேண்டியதில்லை. விரித்தமைக்குக் காரணம், பாட்டைக் கேட்போன் நாளை அவ்வழியில் நடக்கப் போகின்றவன் என்னும் நினைவு அவர்பால் இறுதிவரை நீங்காமையே.

அப்பாட்டில் வரும் ஒரு செய்தி இவ்வாராய்ச்சிக்கு மணிமுடி போன்றது. பல வழிகள் பிரியும் கவலையை அடைந்தால், தாம் செல்லும் வழியைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்று கூத்தர்க்குக் கூறப்படுகின்றது. வழி கேட்டுச் செல்பவன் செல்லும்போதே வழிகாட்டியும் ஆகின்றான். பரிசில் பெற்றபின் மீண்டுவந்து உரைக்கும் கடமைக்கு முன்னரே, இடைவழியில் இக்கடமை தொடங்கிவிடுகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு பிற்கால வண்டிச் செலவு நூல்களை நோக்குதல் தகும். 1884 இல் சான்பிரான்சிஸ்கோவிற் புறப்பட்டு, முன்சக்கரம் உயர்ந்த வண்டியில் உலகைச் சுற்றி, 1886 இல் யோக்கோகாமாவை அடைந்தவர் தோமஸ் ஸ்டீவன்ஸ். லாகூரிலிருந்து கல்கத்தாவரை இந்தியப் பெருவழியையும் அவர் கடந்தார். அவர் நூல் வியத்தற்குரியது. எனினும் அது வீட்டிலிருந்து படிப்போனுக்காக எழுதப்பட்டது. படிப்போன் பின்தொடர்வான் என்னும் எண்ணம் அதிற் சிறிதே. 1963 இல் அயர்லாந்திலிருந்து இந்தியா நோக்கி வண்டியோட்டி வந்த டேர்வ்லா மேர்பி 1965 இல் வெளியிட்ட நூல் நாட்குறிப்பு வடிவினது. அன்றன்றைய பசியும் பனியும் உண்டி தந்தோர் அன்பும் அதில் ஆறாமல் நிற்கின்றன. அவ்வகையில் அது ஆற்றுப்படைக்கு ஒருபடி அணித்தாகின்றது. ஆயினும் இரு நூல்களிலும் தலைமை பெறுவது செல்பவரே. ஆற்றுப்படையிலோ தலைமை பெறுவோர் இருவர்: கொடுக்கும் வள்ளலும், இனிச் செல்லவிருக்கும் இரவலனும். சொல்லுவோன் இடையே நின்று தன்னை மறைத்துக்கொள்கின்றான்.

இன்று செய்மதியின் துணையால் வழி முழுவதும் ஒரு கோடாகப் பதிவாகின்றது. அக்கோட்டை எவரும் பெற்றுத் தம் கைத்தொலைபேசியில் விரித்துப் பின்செல்லலாம். தொலைவும் ஏற்றமும் அதிற் தெரியும். கிணறு வற்றிய காலமும், சோறிட்டவர் மனமும் தெரியா. கோடு மட்டும் ஆற்றுப்படை ஆகாது. இடரை ஒளியாது உரைக்கும் சொல் அதனோடு சேருமாயின், சந்தியில் முடிந்த புல்லாக அதுவும் ஆகும்.

இவ்வேறுபாடு ஈழத்தார்க்கு நூலளவில் நின்றுவிடுவதன்று. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிக் கதிர்காமத்திற்கு வண்டியிற் செல்வோனுக்கு மைற்கற்களும் கடைகளும் வழிகாட்டும். ஆங்கு ஆற்றுப்படை மிகை. கிழக்குக் கரை வழியாக நடந்து வரும் அடியார் நிலை வேறு. உகந்தைமலை கடந்து, குமண, யால காடுகளினூடே மாணிக்க கங்கையை நோக்கிச் செல்லும் அவ்வழியில், நீர் கிடைக்கும் இடமும் யானை இறங்கும் துறையும் முன் நடந்த மூத்தோர் வாய்மொழியாலே அறியப்பட்டன. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில் அச்செலவு தளர்ந்தது. நடப்பார் குறையின், வழியறிவும் ஒரு தலைமுறையோடு குறையும். அடியார் மீண்டும் திரண்டு நடந்தமையாலேயே அவ்வறிவு இன்று உயிர்பெற்று விளங்குகின்றது.

ஆகவே வழியுரை எழுதுவோன் எத்துணைத் தூரம் சென்றான் என்பது அவ்வுரையின் மதிப்பை நிறுவாது. அதனைக் கேட்டு ஒருவன் இடரின்றிச் சென்று சேர்வானா என்பதே நிறுவும். இவ்வுண்மையை ஏனை ஆற்றுப்படைகளினும் மலைபடுகடாம் தெளிவாக உணர்த்துதலின், வண்டிச் செலவு எழுதப் புகுவார் முதற்கண் கற்கத் தக்க நூல் அதுவேயாம்.